பத்தொன்பது கிலோ

நவம்பர் 3, ஞாயிறு

ஏழு மணிப் பூசை ஏழு பதினொன்றுக்குத் தொடங்கியது. நேற்றுக் கல்லறைத் திருநாள், அதனால் சாமியாருக்குக் களைப்பாம். நானும்தான் நேற்று இரண்டு மணி நேரம் குனிந்து புல் பிடுங்கினேன், என் கணவர் கல்லறையிலும் பக்கத்தில் இருக்கும் சிறியதிலும். எழுபத்து மூன்று வயதில் நான் ஆறு ஐம்பதுக்கே என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு மருமகள் ஷெர்லின் ஒரு மலைச் சைக்கிளை ஜீப்பிலிருந்து இறக்கினாள். சேலத்தில் யாரோ ஓட்டியதை வாங்கியிருக்கிறாள். மகன் எட்வின் மஸ்கட்டில் இருக்கிறான். இவள் ஏற்காட்டில் என்னோடு இருந்துகொண்டு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை பார்க்கிறாள். மீதி நேரத்தில் மலைச்சரிவில் சைக்கிளோடு உருள்கிறாள்.

"பழைய வண்டிக்கு என்ன வந்துச்சு?"

"அதுக்கு முன்னாடி மட்டும்தான் ஷாக் அப்சார்பர், அத்தை. இதுக்குப் பின்னாடியும் இருக்கு. பாறையில இறங்கினா வண்டி வாங்கிக்கும், நம்ம முதுகு தப்பிச்சுக்கும்."

"பாறையில எதுக்கு இறங்கணும்? பக்கத்துல ரோடு இல்லையா?"

"ரோட்டுல போனா மெடல் குடுக்க மாட்டாங்களே."

இருபத்து மூன்றாம் தேதி எஸ்டேட் காட்டுப் பாதையில் போட்டி. முதல் ஐந்து பேருக்குள் வந்தால் மாநில அணியில் இடம். இரண்டு வருடத்துக்கு முன் இவள் விழுந்து இடது காரை எலும்பு முறிந்து, உள்ளே ஒரு தகடும் ஆறு திருகும் இருக்கின்றன. அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் கை தலைக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கை தூக்க முடியாத பி.டி. டீச்சரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? எட்வின் போனில், "நீங்க சொன்னா கேப்பாம்மா" என்றான். கேட்காதவர்களிடம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. வண்டியை ஒழுங்காகச் சரிசெய்து கொடுப்பது மட்டும்தான் என்னால் ஆனது.

நவம்பர் 4, திங்கள்

வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். ஷெர்லின் படிக்க மாட்டாள். அவளுக்குக் கையேடு என்றால் கடைசிப் பக்கத்துப் படம்தான். இங்கிலீஷ் மோசம். கான்வென்டில் நாங்கள் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் தாளைக் கிழித்திருப்பார். சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டு, அவளுக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பின்பக்க ஷாக் என்பது காற்றடைத்த ஒரு குழாய், அதற்குள் போய்வரும் ஒரு தண்டு. தண்டு ஐம்பது மில்லிமீட்டர் நகரும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அதில் பதினைந்து அமுங்க வேண்டும். கூடுதலாக அமுங்கினால் பள்ளத்தில் தரைதட்டும். குறைவாக அமுங்கினால் வண்டி கல்லாக இருக்கும், மேட்டில் பட்டதும் ஓட்டுபவரைத் தூக்கி எறியும். ஆகையால் ஆளின் எடைக்குத் தக்கபடி காற்று. எடை என்றால் ஹெல்மெட், ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து.

அமுங்குவது ஒரு குறை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

முன் வராந்தாவில், காலை ஆறரைக்கு, பள்ளிக்குக் கிளம்பும் முன் அளவெடுத்தோம்.

எல்லாம் மாட்டிக்கொண்டு ஷெர்லின் எடை மெஷினில் நின்றாள். அறுபத்திரண்டு. கையேட்டு அட்டவணைப்படி நூற்றைம்பது பிஎஸ்ஐ காற்றழுத்தம். இதற்கென்று ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கிறது, அதிலேயே அழுத்தம் காட்டும் முள்ளும் இருக்கிறது. நானே அடித்தேன். பிறகு வண்டிக்கு முன்னால் நின்று, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் வைத்து, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி, இரண்டு பெடலிலும் கால் வைத்து உட்கார்ந்தாள். தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறது. உட்கார்ந்தபடியே கையை விட்டு அதைக் குழாயோடு ஒட்டித் தள்ளிவிட்டு, ஆடாமல் இறங்க வேண்டும். இறங்கியதும் தண்டு வெளியே வரும். குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அளவு.

ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இருபது.

"பதினஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே அத்தை."

"எழுதினது சரிதான். நீ பொத்துனு உக்காந்திருப்ப. மறுபடி ஏறு."

இருபது.

"நாலு இட்லிக்கு அஞ்சு மில்லிமீட்டரா?"

இட்லிக்குப் பிறகுதான் எடை பார்த்தோம் என்பதை நினைவூட்டினேன்.

நவம்பர் 6, புதன்

காற்றை ஐந்தைந்தாகக் கூட்டினோம். ஒவ்வொரு முறையும் அவள் ஏறி இறங்கினாள். குறை சொல்லாமல் செய்தாள், அதை எழுதத்தான் வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றைந்தில் பதினைந்து மில்லிமீட்டர் வந்தது. அட்டவணையில் நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு எதிரே எண்பத்தொரு கிலோ என்று போட்டிருக்கிறது.

எண்பத்தொன்றில் அறுபத்திரண்டு போனால் பத்தொன்பது.

எந்தக் கணக்கையும் நான் இரண்டு முறை போடுவேன். இதைப் போடவில்லை. தலையணை உறைகளை மாற்றினேன். கறிவேப்பிலைச் செடிக்கு எறும்புப் பொடி தூவினேன்.

நவம்பர் 7, வியாழன்

எடை மெஷின் பொய் சொல்லலாம். பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதன்மேல் வைக்கும்படி செல்லாயியிடம் சொன்னேன். இருபத்தைந்து. தரை சரிந்திருக்கலாம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வராந்தாவில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

செல்லாயி பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள்.

"ஏங்கம்மா, அரிசிய எதுக்கு நிறுத்திப் பாக்கறீங்க? நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்னுங்களா?"

விளக்கிச் சொன்னேன். ரசமட்டத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தரைக்கே பரீச்ச வெக்கற ஊடு இது ஒண்ணுதானுங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 9, சனி

ஷெர்லின் வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோனாள். கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு ஆகாது, நான் போகவில்லை. அங்கே இம்தியாஸ் என்று ஒரு மெக்கானிக். ஷாக்கைக் கழற்றிப் பார்த்துப் பூட்டியிருக்கிறார். அவரே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இவள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நூற்றைம்பதிலேயே பதினைந்து வந்திருக்கிறது.

"'வண்டி நல்லாத்தான் இருக்குக்கா, வீட்டுல யாராச்சும் பின்னாடி கை வெச்சு அழுத்தறாங்களா'ன்னு கேட்டாரு அத்தை."

"நான் முன்னாடி நிக்கறேன். என் கை ஹேண்டில்பார்ல இருக்கு."

"அதத்தான் நானும் சொன்னேன். 'எங்க அத்தை ஏமாத்தணும்னு நெனச்சாலும் அவங்களுக்கு வராது'ன்னேன்."

நவம்பர் 10, ஞாயிறு

வீட்டில் மறுபடியும் இருபது, அதே நூற்றைம்பதில்.

இதுவரை நான் ஸ்கேலை மட்டுமே பார்த்திருக்கிறேன். இன்று வண்டியைப் பார்த்தேன். ஷெர்லின் உட்கார்ந்ததும் பின்பக்கம் இறங்குகிறது. நிற்கிறது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் அப்படியே இருக்கிறது. பிறகு இன்னொரு முறை இறங்குகிறது, முதல் முறையைவிட மெதுவாக. கால் எட்டாத ஒருவர் எதையாவது பிடித்துக்கொண்டு ஏறினால் அப்படித்தான் இறங்கும்.

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கா அத்தை?"

"இல்லையே. ஏன்?"

"மூச்சு இழுக்கற சத்தம் கேட்டுச்சு." பின்னால் திரும்பிப் பார்த்தாள். "கொய்யா மரத்துல காத்து போல."

நான் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கொய்யாவில் ஓர் இலை அசையவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. அளந்தோம். இருபது.

நவம்பர் 12, செவ்வாய்

காலைப் பூசையிலிருந்து திரும்ப ஆறு நாற்பதாகிவிட்டது. ஷெர்லின் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"செல்லாயி அக்கா பிடிச்சாங்க அத்தை. நூத்தம்பதுலயே பதினஞ்சு வந்துருச்சு."

"நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா" என்றாள் செல்லாயி. "எருமையப் புடிக்கறாப்ல கொம்பப் புடிச்சுட்டு நின்னேன், அவ்வளவுதான்."

செபமாலையை உள்ளே வைத்துவிட்டு வந்து நான் பிடித்தேன். இருபது. செல்லாயியைப் பிடிக்கச் சொன்னேன். பதினைந்து. நான் பிடித்தேன். இருபது.

செல்லாயி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் துலக்கும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

"யார் அளவு அத்தை சரி?" என்றாள் ஷெர்லின்.

"அவ ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடிக்கறா. சேலம் கீழ இருக்கு, நாம அஞ்சாயிரம் அடியில இருக்கோம், காத்தழுத்தம் மாறும். என் அளவுதான் சரி. நூத்தித் தொண்ணூத்தஞ்சு வெச்சுக்கோ."

"சரிங்க அத்தை." பம்பை எடுத்தாள். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மதியம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உயரத்துக்கு இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் வரலாம். நாற்பத்தைந்து வராது. இரண்டாம் முறையும் போட்டேன்.

நவம்பர் 13, புதன்

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பின்பக்கம் உதைக்கிறது என்றாள். அமுங்கிய தண்டு திரும்பி வரும் வேகத்தைக் குறைக்க ஒரு சிவப்புத் திருகு இருக்கிறது. அதை இரண்டு கிளிக் இறுக்கிக் கொடுத்தேன். புதுப் பழக்கம், போகப் போகச் சரியாகும் என்றேன். நாளைக் காலையும் அளந்துவிடலாம் என்றேன்.

"தினமும் எதுக்கு? அதான் செட் ஆயிருச்சே அத்தை."

"காத்து இறங்கும்."

இன்று அளக்கும்போது என் இடது கை ஹேண்டில்பாரில் இல்லை. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே, உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பி, தெருவைக் கடக்கும்போது நீட்டுவதுபோல் நீட்டியிருந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். பள்ளியில் கொடுத்த மிட்டாயில் எனக்கென்று இரண்டு கொண்டுவந்தாள் ஷெர்லின். ஒன்று போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அளந்தோம். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இறங்கியதும் சட்டையின் பின்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். மதியம் வெண்டைக்காய்க் குழம்பு. புளி தூக்கல்.

நவம்பர் 16, சனி

விழுந்துவிட்டாள்.

எஸ்டேட் காட்டுப் பாதையில், மூன்றாம் வளைவுக்குக் கீழே வேர்கள் குறுக்கே ஓடும் இடம். பின்சக்கரம் வேரில் பட்டதும் வண்டி அவளைத் தூக்கிக் காபிச் செடிகளுக்குள் எறிந்திருக்கிறது. வலது பக்கமாக விழுந்தாள், தகடு இருப்பது இடது பக்கம். வலது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் வழித்துப் போயிருந்தது.

"கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா பாறை, அத்தை" என்று சிரித்தாள். நான் பஞ்சில் மருந்தை நனைத்தேன். "எனக்கு எரியல, நீங்க போடுங்க."

அவள் தூங்கிய பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று இருப்பது என் கையெழுத்து. அழகான கையெழுத்து. கணக்குத் தெரியாமல் எழுதியதல்ல.

நவம்பர் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 18, திங்கள்

ஷெர்லின் லீவு போட்டுவிட்டுக் காலை நீட்டி சோபாவில் படுத்திருந்தாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தாளில் இருந்ததை அடித்துவிட்டு நூற்றைம்பது என்று எழுதினேன்.

"என்ன அத்தை இது?"

"செல்லாயி பிடிச்ச அளவுதான் சரி. இனிமே அவளையே பிடிக்கச் சொல்லு. நான் பிடிச்சா பத்தொன்பது கிலோ கூடுது."

"இது உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"பன்னெண்டாம் தேதிலருந்து."

அவள் முழங்கால் கட்டைப் பார்த்தாள். விரலை விட்டு எண்ணினாள். "நாலு நாள். தெரிஞ்சுக்கிட்டே என்னை அனுப்புனீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அளவு சரியா வந்துட்டா நீ அளக்கறத நிறுத்திருவ."

சட்டையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "யாரை அளக்கறோம் அத்தை?" என்றாள்.

பெயரைச் சொன்னேன். சேவியோ. எட்வினுக்கு முன்னால் பிறந்தவன். நாற்பது வருடமாக இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. என் கணவர் ஒரே ஒரு முறை சொன்னார், நான் எழுந்து போய்விட்டேன்.

அவளிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதுகிறேன். நான் கான்வென்டில் பத்து வருடம் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவள். சேவியோவும் இரண்டரை வருடம் ஒரு நாள் தவறவில்லை. மூன்று வருடம் முடிந்தால் வெள்ளிப் பதக்கம். இதே நவம்பர் மாதம், மழை. காய்ச்சல் நூற்றொன்று. இன்னிக்கு வேணாம்மா என்றான். அவன் அப்பாவும் ஒரு நாள் வீட்டில் இருக்கட்டுமே என்றார். தெர்மாமீட்டரை உதறி டப்பாவில் வைத்துவிட்டு, அவன் காலர் பட்டனைப் போட்டு, மழைக்கோட்டை மாட்டி, வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவந்து அனுப்பினேன். எட்டரைக்கு மணி அடித்தபோது அவன் வகுப்பில் இருந்தான். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில், மருந்துக்கு அளவு தெரிவதற்காக நிறுத்திப் பார்த்தார்கள். பத்தொன்பது கிலோ. ஏழு வயதுக்குக் குறைவு என்று நர்ஸ் சொன்னாள். மருந்து அளவாகத்தான் கொடுத்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

ஷெர்லின் என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் உதறியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

"ரெண்டாவது தடவ வண்டி இறங்கும்ல" என்றாள். "அப்ப என் சட்டையப் பிடிச்சுக்கும் அத்தை. பின்பக்கம், கீழ ஓரத்துல. உங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

பிறகு சொன்னாள்: "நான் சனிக்கிழமை ஓட்டுவேன். நீங்க வண்டியத் தொடக்கூடாது."

"சரி" என்றேன்.

நவம்பர் 20, புதன்

செல்லாயி பிடித்தாள். நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பதினைந்து என்று ஷெர்லின் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எருமை இன்னிக்குச் சாதுங்க" என்றாள் செல்லாயி. சமையலறையில் நான் ஒரு கையால்தான் பயறு களைந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

சாயங்காலம் ஷெர்லின் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வாங்க அத்தை. வண்டியத் தொடாதீங்கன்னுதான் சொன்னேன், வராதீங்கன்னு சொல்லல. தூரமா நின்னு பாருங்க."

"வரல."

"இன்னும் கோபமா?"

"உன்மேல எனக்கு என்ன கோபம்? நான் எங்க போனாலும் தனியாப் போறதில்ல. அங்க வண்டியப் பாத்தா ஏறணும்னு தோணும். ஏழு வயசு."

ஷெர்லின் என்னைப் பார்க்கவில்லை. என் இடது பக்கத்தில், கட்டில் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, "சரி, அப்ப ரெண்டு பேரும் வீட்டுலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 23, சனி

மாலை நான்கு மணி. ஷெர்லின் வந்துவிட்டாள். தலைமுதல் கால்வரை சேறு. வாசற்படியில் நின்று, நான் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நான்காம் இடம். அந்த வேர்கள் ஓடும் இடத்தில் வண்டி தண்ணீர்மேல் போவதுபோல் போனதாம்.

"லேசா இருந்துச்சு அத்தை. பின்னாடி யாருமே இல்ல." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றேன். "ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா."

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு அவள் கிளம்பினாள். செல்லாயியைத் துணைக்கு அனுப்பினேன். மழைக்கு விட்ட விடுமுறைக்கு ஈடாக இன்று பள்ளி உண்டு, ஷெர்லின் லீவு சொல்லியிருந்தாள். கீழே சாலையில் குடைகளும் மழைக்கோட்டுகளும் போய்க்கொண்டிருந்தன. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். விடிந்தபின் படுக்கும் வழக்கம் எனக்கில்லை. சுவர்ப் பக்கம் இடம் விட்டிருந்தேன். சிறிது நேரத்தில் அந்தப் பக்கம் மெத்தை இறங்கியது. ஸ்கேல் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் இருந்தது. எடுக்கவில்லை. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நெற்றி இருக்கக்கூடிய இடத்தில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. போர்வையில் பாதியைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன்.

எட்டரைக்குப் பள்ளி மணி அடித்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.